கேஸ் போடும் முன் ஒரு தெர்மோமீட்டர்

"தம்பி, ஏர்கோன் குளிரவே மாட்டேங்குது. கொஞ்சம் கேஸ் போட்டு விடுங்க."

கோலாலம்பூர் செந்தூலில் நான் வேலை பார்க்கும் கார்ப் பட்டறையில் இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது கேட்கிறேன். தீபாவளி நெருங்கினால் இன்னும் அதிகம். ஊருக்குக் கிளம்பும் முன்தான் எல்லோருக்கும் ஏர்கோன் ஞாபகம் வரும். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. பெட்ரோல் தீர்ந்தால் ஊற்றுகிறோம், டயரில் காற்று இறங்கினால் அடிக்கிறோம், அதே வரிசையில் கேஸையும் வைத்துவிட்டோம். ஆனால் ஏர்கோன் கேஸ் எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ரப்பர் குழாய் வழியே வருடக்கணக்கில் கசியும் சில கிராமை விட்டுவிட்டால், கேஸ் குறைந்திருக்கிறது என்பதற்கு எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். குறையாமலே குளிர் போயிருந்தால், மேலே போடும் கேஸ் நோயைக் கூட்டத்தான் செய்யும்.

இது எனக்கே நடந்தது. இருபது வயதில் வாங்கிய முதல் கார், பழையது. ஐந்து மாதத்தில் மூன்று முறை ஒரு கடையில் கேஸ் ஏற்றினேன். மூன்றாவது முறை அளவுக்கு மீறிப் போட்டுவிட்டார்கள். ஜாலான் ஈப்போ ஜேமில் நின்றால் காற்று வெதுவெதுப்பாக வரும், வண்டி ஓடினால் சுமாராகக் குளிரும். அப்புறம் ஒரு போர்மன் (மெக்கானிக்) அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கேஸ் தோம்பைத் தொடவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தெர்மோமீட்டரை எடுத்து, டேஷ்போர்டில் குளிர்காற்று வரும் நடு வாயிலுக்குள் செருகிவிட்டு, பத்து நிமிடம் என்னிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கம்ப்ரஸர் குழாய் சேரும் இடத்தில் எண்ணெய்க் கறையைக் காட்டினார். தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். அவரிடமே பிறகு வேலை கற்றேன். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த "முதலில் அள" என்ற பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வண்டி ஓட்டுபவர்கள் எவரும் செய்து பார்க்கக்கூடியது, பெரிய செலவும் இல்லை.

ஏர்கோன் குளிரைத் "தயாரிக்கிறது" என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு சுமைதூக்கி. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது. ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதே, அதே சங்கதிதான். திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை ஏற்றினால் கொதிநிலையும் ஏறும். பிஎஸ்ஐ என்பது அழுத்தமானி காட்டும் அளவு; 28 பிஎஸ்ஐ வைத்தால் 0 டிகிரியில் கொதிக்கும். 200 பிஎஸ்ஐ வைத்தால் 55 டிகிரிவரை ஆவியாகாமல் திரவமாகவே இருக்கும்.

முழு வித்தையும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அழுத்தம் குறைவு. அங்கே கேஸ் 0 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே கொதித்து, உள்ளே வீசும் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் கேஸ் 55, 60 டிகிரியில் இருப்பதால், 33 டிகிரி வெயில் காற்றுகூட அதற்குக் குளிர்காற்றுதான். வெப்பத்தை அங்கே கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. டிரையர் ஈரத்தை வடிகட்ட, எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சின்னத் துவாரம் அழுத்தத்தைத் திடீரென்று இறக்க, மறுபடி காயில்.

இந்தச் சுமைதூக்கி எவ்வளவு தூக்கும்? வீட்டுக்கு ஏர்கோன் வாங்கும்போது ஒரு எச்பி, ஒன்றரை எச்பி என்று கேட்டு வாங்குகிறோம். ஒரு எச்பி ஏர்கோன் மணிக்கு 9,000 பிடியூ, அதாவது ஏறக்குறைய 2.6 கிலோவாட் வெப்பத்தைத் தூக்கும். ஒரு சாதாரணக் காரின் ஏர்கோன் முழு மூச்சில் ஓடினால் 5 கிலோவாட் அளவில் தூக்கும். இரண்டு படுக்கையறை ஏர்கோனை ஒரு சின்னப் பெட்டிக்குள் மாட்டியது போல. அவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். பெட்டி முழுக்கக் கண்ணாடி, மேலே நம்ம வெயில், உள்ளே ஆளுக்குச் சுமார் 100 வாட் வெப்பம் விடும் நாலைந்து பேர், முன்னால் எஞ்சின்.

இங்கே திறன் என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, எவ்வளவு வெப்பத்தைத் தூக்குகிறது. இன்னொன்று, அதைத் தூக்க எஞ்சினிடமிருந்து எவ்வளவு சக்தி வாங்குகிறது. 5 கிலோவாட் தூக்க 2 கிலோவாட் வாங்கினால் விகிதம் 2.5. பொறியாளர்கள் இதைச் செயல்திறன் கெழு என்பார்கள். அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு, இந்தக் கெழுவைச் சோதனை மேசையில் வைத்து அளப்பதற்கென்றே ஜே2765 என்று ஒரு முறையை வகுத்திருக்கிறது. பட்டறையில் நமக்கு இரண்டாவது எண் கிடைக்காது, கம்ப்ரஸர் எவ்வளவு சக்தி வாங்குகிறது என்று அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. அதனால் முதல் எண்ணையாவது ஒழுங்காகக் கணிப்போம்.

அந்த எண்ணுக்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. காற்று எத்தனை டிகிரி இறங்குகிறது என்பது ஒன்று, எவ்வளவு காற்று வருகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால்தான் குளிர்ச்சி. போன மாதம் ஓர் அம்மா வந்தார். நடு வாயிலில் வைத்துப் பார்த்தேன், 6 டிகிரி. அருமையான எண். ஆனால் கையை வைத்தால் காற்று முனகிக்கொண்டு வருகிறது. கையுறைப் பெட்டியைக் கழற்றி கேபின் ஃபில்டரை உருவினேன். கோவிலுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் தினமும் நிறுத்துவாராம். அந்த மரத்தின் சின்னச் சின்ன இலைகள் மடிப்புக்கு மடிப்பு அடைத்துக் கிடந்தன, மேலே சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஒரு படலம். ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி பார்த்தால் வாயிலில் 9 டிகிரி. எண் ஏறியிருக்கிறது, ஆனால் அந்த அம்மா "இப்பத்தான் ஐயா ஏர்கோன் மாதிரி இருக்கு" என்கிறார். 6 டிகிரி காற்று கொஞ்சம் வருவதைவிட 9 டிகிரி காற்று நிறைய வருவது பெரிய குளிர்ச்சி. அவரும் கேஸ் போடத்தான் வந்திருந்தார்.

சரி, நம்ம ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்திலும் வீடியோவிலும் சொல்லும் எண்களை அப்படியே இங்கே பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கோலாலம்பூரில் ஒரு சாதாரண மதியம்: 33 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. இந்தக் காற்றில் ஒரு கிலோ எடுத்தால் அதற்குள் சுமார் 19 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். ஒரு கிலோ காற்று என்பது ஏறக்குறைய முக்கால் ஆள் உயரப் பெரிய அலமாரி ஒன்று கொள்ளும் அளவு. அதை 8 டிகிரிக்குக் குளிர வைத்தால் அதனால் 7 கிராமுக்கு மேல் பிடித்துவைக்க முடியாது. மீதி 12 கிராம் கூலிங் காயிலில் தண்ணீராகப் படிந்து, குழாய் வழியே இறங்கி, வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. வண்டிக்குக் கீழே தண்ணீர் பார்த்துப் பயந்து ஓடி வருபவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், அது நல்ல சகுனம். சொட்டாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். வடிகுழாய் அடைத்திருந்தால் தண்ணீர் பக்கத்து சீட் தரைவிரிப்பில் ஊறும்.

ஆவியைத் தண்ணீராக்குவது இலவசம் இல்லை. அந்த ஒரு கிலோ காற்றை 33லிருந்து 8க்கு இறக்க 25 கிலோஜூல் போதும். அதிலிருந்து 12 கிராம் தண்ணீரைப் பிழிய இன்னும் 30 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். ஏர்கோன் செய்யும் வேலையில் பாதிக்கும் மேல், தெர்மோமீட்டரில் தெரியாத வேலை. இதே 33 டிகிரி, ஆனால் ஈரப்பதம் 20 விழுக்காடு உள்ள பாலைவன ஊரில் காற்றில் இருப்பதே 6 கிராம்தான். பிழிவதற்கு ஒன்றும் இல்லை. அதே வண்டி, அதே கேஸ், அதே கம்ப்ரஸர் அங்கே பாதி உழைப்பில் 8 டிகிரியைக் கொடுத்துவிடும்.

அமெரிக்காவில் ஏர்கோன் போட்ட நிலையில் கார்களைச் சோதிக்க எஸ்சி03 என்று ஒரு சோதனை இருக்கிறது. 35 டிகிரி, 40 விழுக்காடு ஈரப்பதம், சதுர மீட்டருக்கு 850 வாட் வெயில். கேட்டால் நம்ம ஊரைவிடக் கடுமை போலத் தெரியும். ஆனால் அந்தக் காற்றில் தண்ணீர் கிலோவுக்கு 14 கிராம்தான், நம்மிடம் 19. அதனால் "வாயிலில் 4 டிகிரி வராவிட்டால் ஏர்கோன் கெட்டுவிட்டது" என்று வெளியூர் வீடியோவில் யாராவது சொன்னால், அவர் ஊரில் ஈரப்பதம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

இதே காரணத்தால் இன்னொரு பழைய நம்பிக்கையும் இங்கே செல்லாது. பானெட்டைத் திறந்து தடித்த குழாயைப் பார்த்து, "வியர்க்குது, கேஸ் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். நான் சொன்ன அந்த மதியக் காற்றில் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளும் வியர்க்கும். மேசையில் வைத்த ஐஸ் தேநீர்க் கிளாஸ் வியர்ப்பது போல. குழாய் 20 டிகிரியில் அரைகுறையாகக் குளிர்ந்தாலும் வியர்க்கும், 5 டிகிரியில் இருந்தாலும் வியர்க்கும். வியர்வை ஒன்றையும் நிரூபிக்காது. மழை நின்ற கையோடு ஏர்கோன் போட்டு ஓட்டும்போது கண்ணாடி வெளிப்பக்கம் மூடிக்கொள்வதும் இதனால்தான். அதை உள்ளே துடைத்துக்கொண்டிருக்காமல் வைப்பரைப் போடுங்கள்.

இனி அளக்கும் முறை. முனையில் ஊசி போன்ற சென்சர் உள்ள ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மோமீட்டர் வேண்டும். ஈரப்பதமும் காட்டும் இன்னொன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைப்பேசியில் அந்த நேரத்து வானிலையைப் பார்த்துக்கொள்ளலாம். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் நின்றால் நீங்கள் அளப்பது ஏர்கோனையா வெயிலையா என்று தெரியாது. எஞ்சின் சூடாகி இருக்க வேண்டும். குளிர் முழுக்க, உள்காற்றுச் சுழற்சி, காற்று நடு வாயிலுக்கு மட்டும், புளோவர் நடுத்தர வேகம், கண்ணாடிகள் மூடியபடி. சென்சரை வாயிலுக்குள் மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளிவிடுங்கள், பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது. பத்து நிமிடம் பொறுங்கள். இந்தப் பத்து நிமிடம்தான் பலருக்குக் கஷ்டம். இரண்டாவது நிமிடத்தில் 14 என்று பார்த்துவிட்டு முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பத்து நிமிடம் கழித்து, ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில், ஓர் எண் எழுதுங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்து 1,500லிருந்து 2,000 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து இன்னோர் எண். ஈரமான மதியத்தில் மிதித்த நிலையில் 6லிருந்து 9, ஐட்லிங்கில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூட இருந்தால் என் அனுபவத்தில் ஆரோக்கியமான ஏர்கோன். இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி நிறையச் சொல்லும். ஐட்லிங்கில் கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றும், கண்டென்சருக்கும் முன்காற்று கிடையாது, விசிறியை நம்பித்தான் அதன் பிழைப்பு. மிதித்தால் 8, விட்டால் 17 என்று வந்தால் விசிறி, அழுக்கடைந்த கண்டென்சர், தேய்ந்த கம்ப்ரஸர் இந்த மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். ஹைவேயில் குளிருது, ஜேமில் குளிரவில்லை என்று சொல்பவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது விசிறியைத்தான்.

பட்டறையில் இதோடு நிறுத்த மாட்டோம். கண்ணாடி மூடி உள்சுழற்சியில் வைத்தால், காயிலுக்குள் போகும் காற்றே போகப்போகக் குளிர்ந்துகொண்டு வரும். சோதனைத்தாள் தானே எளிதாகிக்கொண்டே போவது மாதிரி. அதனால் நாலு கதவையும் திறந்துவிட்டு, புளோவரை உச்சத்தில் வைத்து, வெளிக்காற்றையே கொடுத்து இன்னொரு முறை பார்ப்போம். உள்ளே போவது எப்போதும் அதே 33 டிகிரி என்பதால், வரும் எண்ணை ஒரு வண்டியோடு இன்னொரு வண்டி ஒப்பிடலாம். அப்படிப் பார்க்கையில் வாயிலில் 11, 12, 13 என்று வந்தால் பதற்றப்பட வேண்டாம், நம்ம ஊர்க் காற்றுக்கு அது சரியான எண். வெறும் வாயில் எண்ணைவிட, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இடையே எத்தனை டிகிரி இறக்கம் என்று கழித்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

உள்சுழற்சி பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிக்காற்றை எடுத்தால் கிலோவுக்கு 57 கிலோஜூல் உழைப்பு என்றால், 26 டிகிரியில் பாதி உலர்ந்த உள்காற்றையே திருப்பி எடுக்கும்போது 28தான். பாதி. நல்ல ஏர்கோன் உள்ள வண்டியில் இந்தப் பொத்தான் தெரியாமல் வெளிக்காற்றில் கிடந்து, "குளிர் பத்தவில்லை" என்று வந்தவர்கள் உண்டு. காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

பத்துமலையில் வெயிலில் நிறுத்திவிட்டு, படியேறி இறங்கி வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே 50 டிகிரியைத் தாண்டியிருக்கும். அங்கிருந்து ஏர்கோன் எவ்வளவு நேரத்தில் மீட்கிறது என்பதும் திறன்தான். ஒரு சின்னக் கணக்கு: உள்ளே இருக்கும் காற்றின் எடை மூன்றரை கிலோதான். அதை 25 டிகிரி இறக்க 5 கிலோவாட் ஏர்கோனுக்கு அரை நிமிடம்கூட வேண்டாம். அப்படியும் பத்து நிமிடம் ஏன் வேகிறோம்? சீட்டு, டேஷ்போர்டு, கதவுப் பலகை எல்லாம் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் சூடேறிய பொருள் உள்ளே இருக்கிறது. அவை காற்றுக்கு வெப்பத்தைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டி, 50 டிகிரிக் காற்றை 33 டிகிரிக் காற்றால் விரட்டிவிட்டு, பிறகு மூடி உள்சுழற்சிக்கு மாற்றுங்கள். டேஷ்போர்டு மேல் ஒரு நிழல் தட்டி வைத்தாலும் பெரிய உதவி. மீட்கும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அதே இடம், அதே மாதிரி வெயில், ஆனால் போன வருடம் எட்டு நிமிடம், இந்த வருடம் பதினைந்து என்றால் ஏதோ நடக்கிறது.

அடுத்து கேஜ், அதாவது அழுத்தமானி. நீலக் குழாய் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு உயர்ந்த பக்கம், நடுவில் மஞ்சள். இதைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம் கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை. ஆனால் எண்களைப் படிக்கத் தெரிந்து வைத்திருப்பது உங்கள் உரிமை. போர்மன் கேஜ் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

வண்டி அணைந்து ஆறியிருக்கும்போது இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். 33 டிகிரியில் ஏறக்குறைய 107 பிஎஸ்ஐ. இந்த எண்ணைக் காட்டி "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்வது மிகப் பெரிய தவறு. உள்ளே 450 கிராம் இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும், கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை முள் அதே 107ல்தான் நிற்கும். சமையல் கேஸ் தோம்பை நினைத்துப் பாருங்கள். கடைசி நாள்வரை அடுப்பு அதே வீச்சில்தான் எரியும். மிச்சம் எவ்வளவு என்று தெரிய தோம்பைத் தூக்கிப் பார்க்கிறோம் இல்லையா? கார் கேஸும் அப்படித்தான், எடைதான் பேசும். பானெட்டுக்குக் கீழே ஒரு ஸ்டிக்கரில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 350லிருந்து 500க்குள். உள்ளே இருப்பதை முழுக்க இயந்திரத்தால் இழுத்து எடுத்து, வேக்குவம் போட்டு, ஸ்டிக்கரில் உள்ள கிராமைத் தராசில் வைத்து ஏற்றுவதுதான் ஒழுங்கான வேலை. கண்மதிப்பில் டாப்-அப் செய்வதில் யாருக்கும் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, போடுபவருக்கும் சேர்த்துத்தான்.

ஓடும்போது குறைந்த பக்கம் 30லிருந்து 40, உயர்ந்த பக்கம் 200லிருந்து 240 என்பது நம்ம வெயிலில் ஆர்-134ஏ வண்டிக்குச் சகஜம். இரண்டும் தாழ்ந்து இருந்தால் கேஸ் குறைவு, எனவே ஒழுக்கைத் தேடு. இரண்டும் ஏறி இருந்தால் கேஸ் அதிகம், அல்லது விசிறி ஓடவில்லை, அல்லது கண்டென்சர் அடைப்பு, அல்லது உள்ளே சாதாரணக் காற்று புகுந்திருக்கிறது. என் பழைய கார் இந்த வகை. நீலம் ஏறி சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் பெரும்பாலும் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது. நீலம் சூனியத்தை நோக்கிச் சரிந்தால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. கேஜ் இரண்டும் ஒழுங்காக இருந்து, குழாயும் நன்றாகக் குளிர்ந்து, வாயிலில் மட்டும் சூடு என்றால் டேஷ்போர்டுக்குள் சூட்டுக் காற்றைக் கலக்கும் கதவு மூடவில்லை. வேகத்துக்கேற்பத் தன்னையே மாற்றிக்கொள்ளும் புது வகைக் கம்ப்ரஸர்களில் நீல முள் அசையாமல் ஓரிடத்தில் நிற்கும். அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, தெர்மோமீட்டர்தான் நம்பகம்.

ஒழுக்கைத் தேடுவதற்கும் எளிய துப்பு உண்டு. கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றி வருவதால், ஒழுகும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை பூசுவது, புறஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலப்பது எல்லாம் அடுத்த கட்டம். பழுது பார்த்தபின் குறைந்தது அரை மணி நேரம் வேக்குவம் பம்ப் ஓட வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து வெளியேறிவிடும். அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால் உள்ளே தங்கும் ஈரம் வால்வின் துவாரத்தில் ஐஸாக உறைந்து, குளிர் வருவதும் போவதுமாக இருக்கும்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்டிக்கரை ஒரு தடவை படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்கும் ஆற்றலில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் அதற்கு அனுமதி இல்லை. பதிலாக வந்த ஆர்-1234ஒய்எஃப் இங்கே ஓடும் புது வண்டிகள் சிலவற்றிலும் இருக்கிறது. அது லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, விலையும் அதிகம். இரண்டையும் கலக்கவே கூடாது. கேஸை வெளியே திறந்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன் என்று சொல்லும் கடையில் நிற்காதீர்கள்.

கடைசியாக ஒரு வண்டி. குவாந்தானுக்கு மாதம் இரண்டு முறை போய்வரும் ஓர் அங்கிள். ஊருக்குள் ஏர்கோன் அருமையாக இருக்கிறது, காராக் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடியபின் காற்றே வருவதில்லை, தெமெர்லோவில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் மறுபடி சரியாகிவிடுகிறது என்றார். மூன்று இடங்களில் கேஸ் பார்த்துவிட்டார்களாம். பட்டறையில் அளந்தேன். பத்தாவது நிமிடம் 7, இருபதாவது நிமிடம் 4, நாற்பதாவது நிமிடம் 2. சாதாரணமாகக் காயில் உறைநிலையை நெருங்கும்போது ஒரு சின்ன சென்சர் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டும். இதில் நிற்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் புளோவர் இரைச்சல் அப்படியே இருக்க, வாயிலில் என் விரலுக்குக் காற்று நின்றுபோனது. காயில் முழுக்க ஐஸ் கட்டிவிட்டது. தேநீர் குடிக்கும் நேரத்தில் அது உருகிவிடுவதால்தான் தெமெர்லோவுக்கு அப்புறம் சரியாகிறது. கேஸில் ஒரு கிராம்கூடக் குறைவில்லை. சென்சரை மாற்றி, மறுபடி நாற்பது நிமிடம் ஓடவிட்டேன். எண் 5க்கும் 8க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே போகவில்லை. இரண்டு வாரம் கழித்து அங்கிள் குவாந்தானிலிருந்து போன் செய்தார். தெமெர்லோவில் நிற்காமலே வந்து சேர்ந்துவிட்டாராம்.